வால்வைக் கழற்றி எறிவது வைத்தியமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய டீசல் கார் வைத்திருப்பவர்களும் அதை ஓட்டிப் பிழைப்பவர்களும் பொறுமையாகப் படியுங்கள். ஒரு இன்ஜினாவது பிழைக்கும்.

இன்ஜின் ஹீட் ஆகிறது என்று வண்டியைக் கொண்டுபோய் விட்டால், நம் ஊர்ப் பட்டறைகள் பலவற்றில் முதலில் வரும் பதில் இதுதான்: "தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிடலாம் சார். நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு? அதெல்லாம் பனி பெய்யிற நாட்டுக்கு." அரை மணி நேரத்தில் வேலை முடியும். முள்ளும் கீழே இறங்கும். ஓனர் கும்பிடு போட்டுவிட்டுப் போவார்.

34 வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் சொல்கிறேன். இது ரிப்பேர் இல்லை. வீட்டில் ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று கனமான கம்பியைச் சுற்றி வைக்கிற வேலை.

அந்த வால்வு வெளியே அடிக்கும் வெயிலைப் பார்ப்பதே இல்லை. அதனுள் இருக்கும் மெழுகு, இன்ஜினுக்குள் ஓடும் தண்ணீரின் சூட்டுக்குத்தான் உருகி விரிந்து கதவைத் திறக்கிறது. எத்தனை டிகிரியில் திறக்கும் என்று பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும்: 82, 88 என்பது போல. வேலூர் வெயில் 42 டிகிரி என்றாலும் 82-க்கு அது பாதிதான். பனி நாட்டுக்கு மட்டும் என்றால், இங்கே விற்கும் வண்டியில் கம்பெனிக்காரன் அதைக் காசு போட்டு ஏன் வைக்கிறான்?

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பல இன்ஜின்களில் அந்த வால்வுக்கு இரண்டு வேலை. ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும்போதே, தண்ணீர் குறுக்கு வழியில் இன்ஜினுக்கே திரும்பும் பைபாஸை அது மூடுகிறது. வால்வு இல்லாவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்பி வரும். சமதள ரோட்டில் முள் கீழே இருப்பதைப் பார்த்து ஏமாந்துபோவீர்கள். ஆளை ஏற்றிக்கொண்டு வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது தெரியும் சங்கதி. (தண்ணீர் வேகமாக ஓடினால் ரேடியேட்டரில் ஆற நேரம் இருக்காது என்று சிலர் சொல்லும் காரணம் தப்பு. பைபாஸ்தான் காரணம்.)

சரி, சூடே ஆகாவிட்டால் நல்லதுதானே என்கிறீர்களா? டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்திச் சூடாக்கித்தான் டீசலைப் பற்றவைக்கிறது. இன்ஜின் குளிர்ந்தே ஓடினால் டீசல் சரியாக எரியாது. புகை கூடும், மைலேஜ் குறையும், ஆயில் கெடும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். இந்த நஷ்டத்துக்குப் பட்டறையில் யாரும் பில் போட்டுத் தருவதில்லை. அதனால் நமக்கு வலிப்பதில்லை.

அடுத்த பாவம் தண்ணீர். கூலண்ட் விலை அதிகம் என்று போர் தண்ணீரை ஊற்றுகிறோம். அந்தத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதை வீட்டில் எல்லோரும் பார்த்திருப்போம். அதேதான் இன்ஜினுக்குள்ளும் ரேடியேட்டர் குழாய்களிலும் படிகிறது. அந்தப் படிவு இரும்பைவிடப் பல மடங்கு மோசமான வெப்பக் கடத்தி. இன்ஜினுக்கு உள்ளேயே கம்பளி போர்த்திவிட்டு, சூடாகிறது என்று புலம்புகிறோம். கசிவை அடைக்க மஞ்சள் தூள் போடும் கைவைத்தியம் வேறு! ஓட்டையை அடைக்கிற மஞ்சள் நல்ல குழாயை மட்டும் அடைக்காமல் விட்டுவிடுமா? மஞ்சளைக் குழம்புக்கு வையுங்கள்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் பழைய டீசல் காரை வாடகைக்கு ஓட்டுகிறான். வண்டி ஹீட் ஆனதும் வால்வைக் கழற்றினார்கள். நான்கு மாதத்தில் ஹெட் கேஸ்கட் போயிற்று. ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமன்படுத்தி, புது கேஸ்கட் போட்டார்கள். அடுத்த கோடையில் மறுபடியும் அதே கதை. இரண்டு முறையும் கடன். இரண்டு முறையும் வண்டி பட்டறையில் நின்ற நாட்களுக்கு வருமானம் இல்லை. கடைசியில் வேறொரு மெக்கானிக் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தார். மேல் பாதி கொதிக்கிறது, கீழ் பாதி சில்லென்று இருக்கிறது. உள்ளே அடைப்பு! முதல் நாளே கை வைத்துப் பார்த்திருந்தால் ஒரு ரேடியேட்டர் செலவோடு போயிருக்கும். அந்தக் குடும்பம் வட்டி கட்டியது இன்ஜினுக்காக இல்லை, யாரும் காரணம் தேடாததற்காக.

ஹெட் ஏன் வளைகிறது? பல வண்டிகளில் கீழே பிளாக் வார்ப்பிரும்பு, மேலே ஹெட் அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். எல்லை மீறிச் சூடானால் போல்ட்டுகளுக்கு நடுவே அது முறுக்கிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

ஆகவே பட்டறையில் இந்த வரிசைப்படி பார்க்கச் சொல்லுங்கள். செலவு குறைந்தது முதலில்.

1. இன்ஜின் ஆறிய பிறகு கூலண்ட் அளவு. குறைந்திருந்தால் எங்கே போனது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஊற்றி மூடக் கூடாது.

2. ரேடியேட்டர் மூடி. அது வெறும் மூடி இல்லை, குக்கர் வெயிட் மாதிரி. அழுத்தம் ஒரு பார் கூடினால் தண்ணீர் 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் போனால் 100-லேயே கொதித்து வெளியேறும்.

3. ஃபேன் சரியான நேரத்தில் ஓடுகிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா.

4. ரேடியேட்டருக்கும் அதன் முன்னால் உள்ள ஏசி கண்டென்ஸருக்கும் நடுவே தூசி, பூச்சி. பிறகு உள் அடைப்பு.

5. தெர்மோஸ்டாட். நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் படாமல் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். பொறித்த டிகிரியை ஒட்டித் திறக்காவிட்டால் புதிது மாற்றுங்கள். கழற்றிவிட்டு வெறுமனே மூடாதீர்கள்.

6. வாட்டர் பம்ப்.

7. கடைசியில் ஹெட் கேஸ்கட். டேங்கில் விடாமல் குமிழி, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததுமே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வருவது: இவை அதற்கான அடையாளங்கள்.

வழியில் முள் ஏறினால் ஏசியை அணைத்து ஓரம் கட்டுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. விசில் வரும் குக்கரைத் திறப்பீர்களா? கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம். ஏறிய முள் திடீரென்று சரிந்தால் சந்தோஷப்படாதீர்கள். தண்ணீர் முழுக்கப் போய், சென்சார் அந்தரத்தில் நிற்கலாம்.

"பழைய வண்டிக்கு இவ்வளவு எதற்கு, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கலாமே" என்று கமெண்டில் சிலர் வருவீர்கள். மாதத் தவணைக்கு வழி இருப்பவர்கள் வாங்கட்டும். அந்த வண்டியை நம்பி அடுப்பு எரியும் வீட்டில் போய் இதைச் சொல்ல முடியுமா?

மெக்கானிக் தம்பிகளிடம் எனக்குக் கோபமில்லை. நின்று காரணம் தேட அவர்களுக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்துக்கு நாம் கூலி தருவதில்லை. ஸ்பேர் பார்ட்டுக்கு மறுபேச்சில்லாமல் காசு எடுக்கிறோம், "சும்மா பார்த்ததுக்கா ஐந்நூறு?" என்று சண்டை போடுகிறோம். அப்புறம் அவர் கழற்றி எறியாமல் என்ன செய்வார்?

அடுத்த முறை வண்டியை விடும்போது, "எவ்வளவு ஆகும்" என்பதற்கு முன்னால் "எதனால் சூடானது" என்று கேளுங்கள். பார்த்துச் சொன்னவருக்கு அதற்கான காசைக் கொடுங்கள். பதில் சொல்லாமல் ஸ்பேனரைத் தூக்கினால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.