கோல்ப் மைதானமும் கால்வாய்ப் பாசனமும்

பூமியை உழவுக்கன்றி வேறு காரியங்களுக்குக் கேட்போரின் தொகை நாளுக்குநாள் பெருகி வருகிறது. வீட்டுமனை, செங்கற் காளவாசல், தங்கும் விடுதி என்னும் வரிசையில் கோல்ப் மைதானமும் சில இடங்களில் சேர்ந்துள்ளது. அம்பாசமுத்திரம் தாலூகாவில் இன்று அத்தகைய மைதானம் இல்லை. ஆயினும், பாபநாசமும் மணிமுத்தாறும் வெளியூர் ஜனங்களைத் திரளாக இழுக்கும் ஸ்தலங்கள். பொதிகை மலையின் அடிவாரமும் அதனை அடுத்த பசுமையான வயல்களும் முதல் போடுவோரின் கண்ணுக்கு எளிதில் தப்பமாட்டா. கேள்வி ஊருக்குள் வந்த பிறகு விடை தேடுவதைக்காட்டிலும், வருமுன் தேடி வைப்பது நிலச் சொந்தக்காரர்களுக்கும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் நலம்.

கோல்ப் ஆட்டத்தின் மீது குற்றம் ஒன்றுமில்லை. அது ஸ்காட்லாந்து தேசத்தின் கடற்கரையோரத்து மணல் மேடுகளில் வளர்ந்த ஆட்டம். ஏர் பூட்டுவதற்கு உதவாத, ஆடு மேய்ந்த தரையே அதன் பூர்வ ஸ்தலம். இந்தியாவில் கல்கத்தாவில் 1829-லும், நம் மாகாணத்துக் கோடைக்கானலில் 1895-லும் இதற்கெனச் சங்கங்கள் ஏற்பட்டன. ஆதியில் உழவன் ஒதுக்கிய நிலத்தில் நடந்த ஆட்டம், இக்காலத்தில் சாலையும் ஜலமும் சமீபத்திலுள்ள சமதரையை நாடுகிறது. நம் ஜில்லாவில் அவ்விரண்டும் ஒருங்கே அமைந்த சமதரை பெரும்பாலும் நஞ்செயே. சங்கடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

18 குழிகள் கொண்ட முழு மைதானத்திற்கு 100 முதல் 150 ஏக்கர் வரை பூமி வேண்டும். அதில் பாதியளவேனும் நாள் தவறாமல் பராமரிக்க வேண்டிய புல்தரை. வெப்ப தேசங்களில் இதற்குப் பெரும்பாலும் இடுவது அறுகின் இனமே. வரப்பில் தானே முளைக்கும் அறுகு ஒருவர் கையையும் எதிர்பாராது. ஆனால், குழியைச் சூழ்ந்த இடத்தில் அதே இனத்தை மூன்று நான்கு மில்லிமீட்டர் உயரத்தில் அடிக்கடி கத்தரித்து வைப்பதனால், அதன் வேர் மேலோடு நின்றுவிடுகிறது. அப்பொழுது ஜலமும் தழைச்சத்தும் அடிக்கடி கொடுக்க வேண்டியதாகிறது. பூஞ்சணமும் புழுவும் எளிதில் பற்றுவதால் மருந்தும் தெளிக்க நேரிடுகிறது.

இதற்கு வேண்டிய ஜலத்தை எவரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் ஜலம் நிற்பதென்றால் ஏறக்குறைய 4,000 லிட்டர். கோடையில் புல் வாடாதிருக்க நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் வேண்டுமெனக் கொண்டால், 70 ஏக்கர் புல்தரைக்குத் தினம் சுமார் 14 லட்சம் லிட்டர் ஆகும். கிராமங்களில் நபர் ஒன்றுக்கு 55 லிட்டர் என்னும் குடிநீர் அளவின்படி பார்த்தால், இது 25,000 பேருக்குப் போதுமான ஜலம்.

நெல்லுக்கு இதைவிட அதிகமாகப் பாய்ச்சுவதில்லையா என்று கேட்கலாம். ஏக்கருக்கு ஏக்கர், நாளுக்கு நாள் பார்த்தால் நெல் அதிகமாகவே குடிக்கும். ஆனால் நெல்லுக்குப் பருவமுண்டு. கார் சாகுபடிக்கு ஜூன் மாதத்தில் அணை திறந்து, பிசானம் முடிந்து மார்ச்சு மாதக் கடைசியில் கால்வாய்கள் அடைபடுவதே தாமிரபரணிப் பாசனத்தின் வழக்கம். சித்திரை, வைகாசியில் வயல் ஓய்ந்திருக்கும். புல்தரைக்கோ ஓய்வில்லை. கால்வாயில் ஜலம் இல்லாத அந்த மாதங்களிலேதான் அதன் தாகம் உச்சத்திலிருக்கும். அப்பொழுது ஆழ்துளைக் கிணறுகளை நம்ப வேண்டும். அண்டை அயலாரின் கிணறுகளும் ஊர்க் குடிநீர்க் கிணறும் அதே ஊற்றை நம்பியவையே என்பதை மறக்கலாகாது.

ஜலம் வரும் வழியைப் போலவே, அது போகும் வழியையும் கவனிக்க வேண்டும். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் முதலிய அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்களின் கீழ் அநேக வயல்கள் ஒன்றுக்கொன்று ஜலம் கொடுத்துப் பிழைப்பவை. நடுவில் 100 ஏக்கரை வளைத்து, மண் கொட்டி மேடு பள்ளம் அமைத்து வேலியிட்டால், மேலேயுள்ள வயலில் வடிகால் அடைபட்டுப் பயிர் அழுகும். கீழேயுள்ள கடைமடைக்கோ ஜலம் எட்டாது. மேலும், உரமும் மருந்தும் கலந்த மழைஜலம் கால்வாய் வழியே நதியைச் சேரும். திருநெல்வேலி, தூத்துக்குடி நகரங்களின் குடிநீரும் அந்நதியிலிருந்தே எடுக்கப்படுகிறது.

தாழ்ந்த நிலத்தின் அருமையைச் சென்னைப் பட்டணம் தாமதித்தே உணர்ந்தது. கிண்டியில் குதிரைப் பந்தயத்திற்காக 160 ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட சர்க்கார் நிலம் 1946-இல் 99 வருஷக் குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகைத் தொகை வருஷத்திற்கு 614 ரூபாய்ச் சொச்சம். அதன் உட்புறத்துப் புல்வெளியில் கோல்ப் ஆடப்பட்டு வந்தது. பின்னர் அதைச் சுற்றி நகரம் நெருங்கி வளர்ந்தது. வேளச்சேரி முதலிய பகுதிகள் மழைதோறும் வெள்ளத்தில் தவித்தன. 2024-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் சர்க்கார் அக்குத்தகையை ரத்து செய்து நிலத்தை மேற்கொண்டனர். வெள்ளத்தைத் தேக்க அங்கே குளங்கள் வெட்டும் வேலை தொடங்கியது. 118 ஏக்கரில் பூங்கா அமைக்கும் பொறுப்பு தோட்டக்கலை இலாகாவிடம் விடப்பட்டது. இதன்மேல் வழக்குகளும் எழுந்தன. குளம் இருக்க வேண்டிய இடத்தைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு ராஜதானியே இத்தனை பாடுபட்டதென்றால், ஒரு கிராமம் எந்தப் பலத்தைக்கொண்டு மீட்கும்?

சட்டங்கள் இல்லாமலில்லை. 2006-ஆம் வருஷம் செப்டம்பர் 14-ந் தேதி மத்திய சர்க்கார் வெளியிட்ட சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டடப் பரப்புள்ள திட்டங்களும், 50 ஹெக்டேரும் அதற்கு மேலும் பரப்புள்ள குடியிருப்பு அபிவிருத்தித் திட்டங்களும் முன்னனுமதி பெற வேண்டும். ஆனால் அதன் அட்டவணையில் கோல்ப் மைதானம் என்ற பெயர் தனியே இல்லை. புல்தரையை மட்டும் முதலில் காட்டி, விடுதியையும் மாளிகைகளையும் பின்னர் பகுதி பகுதியாகக் காட்ட இது இடங்கொடுக்கும். ஆகவே, முழுத் திட்டத்தின் வரைபடத்தையும் முதல் நாளிலேயே கேட்டு வாங்குவது அவசியம்.

நகர்த் திட்டப் பகுதிக்கு வெளியேயுள்ள விவசாய நிலத்தை வேறு உபயோகத்திற்கு மாற்றுவதற்கு, தமிழ்நாடு சர்க்கார் 2017-இல் தனி விதிகள் செய்துள்ளனர். கலெக்டரின் சம்மதமும், விவசாய இலாகா இணை இயக்குநரின் அறிக்கையும் இதில் முக்கியமானவை. மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் சேர்ந்த கிராமமாயின் அதன் இசைவும் வேண்டும். 1988 முதல் புலிகள் காப்பகமாக விளங்கும் களக்காடு முண்டந்துறைக் காட்டின் எல்லையை அடுத்த நிலமாயின் வன இலாகாவின் கருத்தையும் அறிய வேண்டும். குளத்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் வருஷத்துச் சட்டம் உண்டு. மேய்ச்சல் தரை முதலிய கிராமப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க வேண்டுமென்று 2011 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புக் கூறியிருக்கிறது.

இவ்வளவு இருந்தும், இவை யாவும் ஊரிலிருந்து போகும் காகிதத்தையே ஆதாரமாகக் கொண்டவை. மேலதிகாரி ஒருநாள் வந்து பார்த்துப் போவார். வருஷ முழுவதும் நிலத்தைப் பார்ப்பவர் கிராம நிர்வாக உத்தியோகஸ்தரே. கால்வாயில் ஜலம் வராததனால் இரண்டொரு போகம் கிடந்த நஞ்செயை அடங்கலில் வெறுமனே "தரிசு" என்று எழுதிவிட்டால், பிறகு அது பயிருக்கு உதவாத பூமியென்று வாதிப்பது சுலபம். தரிசாயிருந்த காரணத்தையும், பாசன ஆதாரத்தையும், கடைசியாகச் சாகுபடியான போகத்தையும் ஆதாரத்துடன் பதிவு செய்திருந்தால் அவ்வாதம் நில்லாது. ஆகவே நஞ்செயின் முதற் காவல் அடங்கலே எனலாம். நிலச் சொந்தக்காரரும் தம் இனங்களின் பதிவை வருஷந்தோறும் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இனி, நிலச் சொந்தக்காரரின் கட்சியையும் கேட்பதே நியாயம். கூலியும் உரமும் விலையேற, நெல் விலை கட்டுப்படியாகவில்லை. பிள்ளைகளோ பட்டணத்தில் உத்தியோகத்திலிருக்கின்றனர். இந்நிலையில் நல்ல விலை கிடைத்தால் விற்பதில் என்ன தவறு என்பர். விற்பவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அவர் விற்பது தம் பட்டாவிலுள்ள பூமியை மட்டுமே. அவ்வயலின் வழியாக அடுத்தவர் வயலுக்குப் பாயும் ஜலமும், வடியும் வழியும், கீழுள்ள ஊற்றும் அவருடைய கிரயப் பத்திரத்தில் அடங்கியவையல்ல. அவற்றைக் காப்பது பாசனத்தார் அனைவருக்கும் பொதுவான கடமை.

ஆதலின், நஞ்செயிலும், குளத்திலும், நீர்வரத்து ஓடையிலும், மேய்ச்சல் புறம்போக்கிலும் கோல்ப் மைதானத்திற்கு இடமளிக்கலாகாது என்பதே முடிவாக இருக்க வேண்டும். பாசனமற்ற புஞ்செய்த் தரிசில் கேட்டால் நிபந்தனைகளுடன் ஆலோசிக்கலாம். அமெரிக்காவின் அரிஸோனா முதலிய வறண்ட பிரதேசங்களில் பல மைதானங்கள் சுத்திகரித்த கழிவு ஜலத்தைக்கொண்டே நடைபெறுகின்றன. இங்கும் புல்லுக்குக் கழிவு ஜலமும், மைதானத்திற்குள்ளேயே தேக்கிய மழைஜலமுமே பாய்ச்ச வேண்டும். ஆழ்துளைக் கிணறு இருப்பின், இலாகாவின் அனுமதியுடன் அளவுமானி பொருத்தி, அதன் கணக்கைக் கிராம சபையில் வருஷந்தோறும் படிக்க வேண்டும். ஓடைகளை ஒட்டி உரமும் மருந்தும் படாத அகன்ற மரக்கரை விட வேண்டும். வடிகாலின் மட்டத்தை வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து பதிவு செய்ய வேண்டும். இவற்றை எழுத்து மூலமாக ஒப்புக்கொள்ளாதவருடன் மேற்கொண்டு பேசுவதில் பிரயோஜனமில்லை.

மெக்ஸிகோ தேசத்தில் தெபொஸ்த்லான் என்னும் ஊரார், தங்கள் பொது நிலத்தில் கோல்ப் மைதானம் அமைப்பதை 1995-இல் ஒன்றுதிரண்டு எதிர்த்தனர். ஊரின் ஜலம் குறைந்துபோகும் என்பது அவர்களுடைய முக்கியமான அச்சங்களுள் ஒன்று. மறுவருஷம் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அதற்குள் கலகமும் உயிர்ச்சேதமும் நேர்ந்துவிட்டன. வரைபடத்தையும் கணக்கையும் முதலிலேயே ஊரார் முன்வைத்து, சட்டப்படி ஆட்சேபணையைப் பதிவு செய்யும் ஊருக்கு அத்தகைய துன்பம் நேர இடமில்லை.

1937 முதல் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் இவ்வயல்களுக்கேற்ற நெல் இனங்களைத் தேர்ந்து கொடுத்து வருகிறது. ஏ.எஸ்.டி. 16 போன்ற இனங்கள் இந்த ஜில்லாவைத் தாண்டியும் பரவியுள்ளன. விதை ஒன்று தவறினால் அடுத்த போகத்தில் மாற்றிக்கொள்ளலாம். மண் கொட்டி மேடாக்கிய நஞ்செயை மறுபடியும் மட்டம் செய்து, சேறாக்கி, மடை திறந்து நாற்று நடுவது ஒரு தலைமுறையில் ஆகிற காரியமன்று. கையொப்பமிடுமுன் நிலச் சொந்தக்காரரும், சான்று எழுதுமுன் கிராம உத்தியோகஸ்தரும் இதனை ஒரு கணம் யோசிப்பார்களாக.