அங்கன்வாடியிலிருந்து ஆய்வேட்டுக்கு
பல்கலைக்கழக மானியக் குழுத் தலைவருக்கு ஒரு திறந்த மடல்



2022 அக்டோபர் இறுதியில் பல்கலைக்கழக மானியக் குழுவும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் சேர்ந்து ஓர் எச்சரிக்கை விடுத்தன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கைகோத்துச் சில நிறுவனங்கள் விளம்பரம் செய்யும் இணையவழி முனைவர் பட்டங்கள் இங்கே ஏற்கப்பட மாட்டா, மாணவர்கள் ஏமாற வேண்டாம் என்றது அந்த அறிவிப்பு. அவசியமான எச்சரிக்கை அது. அடுத்த சில நாள்களில், நவம்பர் 7 அன்று, முனைவர் பட்டத்துக்கான புதிய விதிமுறைகள் அரசிதழில் வெளியாயின. வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்ய அவை இடம் தந்தன.

ஒரு கதவு அடைபட்டது, இன்னொன்று திறந்தது. இரண்டுக்கும் வெளியே ஒரு பெருங்கூட்டம் இன்னும் நிற்கிறது. நாடு முழுவதும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் மட்டும் 54,439. அங்கே வேலை பார்ப்பவர்கள் ஏறக்குறைய எல்லாருமே பெண்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை அன்றாடம் கையில் வைத்திருக்கும் இவர்களிடமிருந்தும், இவர்களை வழிநடத்தும் மேற்பார்வையாளர்களிடமிருந்தும், குழந்தைப்பருவக் கல்வித் துறையின் ஆய்வாளர்களும் தலைவர்களும் உருவாக வேண்டும். அதற்குத் தரம் குறையாத, பெரும்பகுதி இணையவழியில் நடக்கும் ஒரு முனைவர் படிப்பு தேவை. இம்மடல் கேட்பது அதைத்தான்.

இப்படியொரு படிப்பு எதற்கு என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. கார்த்திக் முரளிதரன், அலெக்ஹாந்த்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் என்ற மூன்று பொருளியலாளர்கள் இங்கே 320 அங்கன்வாடிகளை வைத்து ஒரு சோதனை ஆய்வு நடத்தினார்கள். சில மையங்களில் முன்பருவக் கல்விக்கென்றே அரைநாள் வேலைக்குக் கூடுதலாக ஒருவர் அமர்த்தப்பட்டார். குழந்தைகளுக்குக் கற்பிக்கக் கிடைத்த நேரம் இரட்டிப்பானது. பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது கணக்கில் 0.29, மொழியில் 0.46 திட்ட விலக்க அளவுக்குக் குழந்தைகள் முன்னேறியிருந்தார்கள். கல்வி ஆய்வுகளில் இது மிகப் பெரிய முன்னேற்றம். பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலையில் கூடுதல் நேரம் கிடைத்ததால், உயரம் குன்றிய குழந்தைகளின் விகிதமும் குறைந்தது.

அருமையான ஆய்வு. ஆனால் ஒரே ஆள் பதிவேடு எழுதி, எடை பார்த்து, சத்துமாவு கொடுத்து, வீடு வீடாகப் போய்வந்து, பாடமும் நடத்த முடியாது என்பது அங்கன்வாடிப் பணியாளர்கள் கூட்டத்துக்குக் கூட்டம், மனுவுக்கு மனு சொல்லிவந்த குறைதான். 2021இல் போஷன் டிராக்கர் செயலி வந்தபின் பதிவேட்டு வேலை கைப்பேசிக்குள்ளும் புகுந்துகொண்டது. அவர்கள் சொன்னவரை அது புலம்பலாகக் கேட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பணிபுரியும் அறிஞர்கள் எண்களோடு சொன்னபோது அது அறிவாயிற்று. இதில் அந்த அறிஞர்களின் குற்றம் ஏதுமில்லை. கேள்வியை முதலில் கேட்டவர்களுக்கு அதை ஆய்வாக மாற்றும் பயிற்சியை யாரும் தரவில்லை என்பதே குறை.

அமெரிக்காவில் கல்வித் துறைக்கென இருவகை முனைவர் பட்டங்கள் உண்டு. ஒன்று வழக்கமான ஆய்வுப் பட்டம். மற்றது களத்தில் இருப்பவர்களுக்கான கல்வி முனைவர் பட்டம். ஹார்வர்டு அதைத் தொடங்கி நூறாண்டு கடந்துவிட்டது. இரண்டாவது பட்டம் முதலாவதன் மெலிந்த நகலாகிவிட்டது என்ற விமர்சனம் எழுந்து, 2007இல் கார்னகி அறக்கட்டளையின் துணையோடு பல பல்கலைக்கழகங்கள் அதைச் சீர்செய்யக் கூடின. தன் பணியிடத்தில் உள்ள ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, அதற்குத் தீர்வு தேடி, செய்து பார்த்து, விளைவை அளந்து எழுதுவதே ஆய்வேடு என்ற வழக்கம் அங்கிருந்து வலுப்பெற்றது. இன்று குழந்தைப்பருவக் கல்வித் தலைமையையும் சமத்துவத்தையும் இணைத்து இணையவழியில் இத்தகைய முனைவர் படிப்பை நடத்தும் பல்கலைக்கழகங்கள் அங்கே உள்ளன. குழந்தைகள் காப்பக இயக்குநரும் மழலையர் பள்ளி ஆசிரியையும் வேலையை விடாமல், ஊரை விட்டுப் பெயராமல் படிக்கிறார்கள்.

அந்தப் படிப்புகளில் சமத்துவம் தனிப் பாடமாக வருவதற்குக் காரணம் உண்டு. யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கில்லியம் 2005இல் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டார். அரசு நிதியில் நடக்கும் முன்பருவப் பள்ளிகளிலிருந்து குழந்தைகள் நீக்கப்படும் விகிதம், பள்ளிக்கூட மாணவர்கள் நீக்கப்படுவதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளைத்தான் வெளியே அனுப்பினார்கள்! வெள்ளையினக் குழந்தைகளைவிடக் கறுப்பினக் குழந்தைகள் ஏறத்தாழ இரு மடங்கு அதிகமாக நீக்கப்பட்டார்கள். அவர் எண்ணிப் பார்த்த பிறகுதான் அந்த நாடு அதைப் பற்றி விரிவாகப் பேசத் தொடங்கியது.

இங்கே எண்ணப்பட வேண்டியது வேறு. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் பட்டியல் சாதிப் பெண் சமைக்கக் கூடாது என்று ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது நாடறிந்த செய்தி. ஐந்து வயதுக்கு முன்னரே குழந்தையின் தட்டில் சாதி வந்து உட்கார்ந்துவிடும் இடங்களில், அங்கன்வாடியில் யார் யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறார்கள், எந்தத் தெருக் குழந்தைகள் வராமலே போகிறார்கள், இருளர் குடியிருப்பிலிருந்து மையம் எவ்வளவு தொலைவு என்பதெல்லாம் ஆய்வுக் கேள்விகள். வெளியூரிலிருந்து படிவத்தோடு வருபவருக்கு இந்தக் கேள்விகளுக்கு மழுப்பலான பதில்தான் கிடைக்கும். பத்து ஆண்டாக அந்தத் தெருக்களில் நடக்கும் மேற்பார்வையாளருக்கு விடை கண்முன்னே தெரியும். அதை முறையாகப் பதிவுசெய்யவும், சான்றோடு வாதாடவும், அதிகாரிகள் முன் வைக்கவும் கற்றுத்தருவதுதான் முனைவர் படிப்பின் வேலை.

இந்தத் துறையின் முன்னோடிகள் களத்திலிருந்துதான் வந்தார்கள். தாராபாய் மோடக் 1945இல் மகாராஷ்டிரக் கடலோரத்தில் உள்ள போர்டி கிராமத்துக்குப் போனார். ஆதிவாசிக் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை என்றதும் பள்ளியை அவர்களுடைய முற்றத்துக்கே கொண்டுசென்றார். அவரோடு நின்று, அவருக்குப் பின்னும் அந்தப் பணியைத் தொடர்ந்தவர் அனுதாய் வாக். டெல்லியில் கட்டுமானத் தொழிலாளரின் குழந்தைகளுக்காக 1969இல் தொடங்கிய நடமாடும் காப்பகங்களோடு சேர்ந்து உழைத்தவர் மீனா சுவாமிநாதன். முன்பருவக் குழந்தைகள் பற்றி அவர் தலைமையிலான குழு 1972இல் கொடுத்த அறிக்கை, 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கு அடித்தளங்களில் ஒன்று. பிறகு திட்டம் வளர்ந்தது, அங்கன்வாடி மையங்கள் பெருகின. களத்திலிருந்து சிந்தனைக்குப் போகும் பாதையை மட்டும் யாரும் அகலப்படுத்தவில்லை.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஓர் அடி எடுத்து வைத்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ், அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஓராண்டுப் பட்டயம், இரண்டையும் கைப்பேசி, தொலைக்காட்சி வழியாகவே படிக்கலாம் என்றது. நல்ல தொடக்கம். சான்றிதழுக்கும் பட்டயத்துக்கும் மேலே இவர்கள் ஏறுவதற்கான படிகளை அது விரித்துச் சொல்லவில்லை.

தங்கள் குழு வெளியிட்ட 2022 விதிமுறைகளில் அந்தப் படிகளுக்கான கற்கள் பல ஏற்கெனவே கிடக்கின்றன. பகுதிநேர ஆய்வுக்கு அனுமதி இருக்கிறது. குறைந்தது 12 மதிப்பலகுகள் கொண்ட பாடப் பகுதியில் அங்கீகரிக்கப்பட்ட இணையவழிப் பாடங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். பெண் ஆய்வாளருக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு, மகப்பேறுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள் விடுப்பு என்றெல்லாம் அக்கறையோடு எழுதியிருக்கிறீர்கள்.

ஆனால் பகுதிநேர ஆய்வாளர் தன்னை வேலைக்கு வைத்திருப்பவரிடமிருந்து தடையின்மைச் சான்று கொண்டுவர வேண்டும். மேற்பார்வையாளருக்கு அது கிடைத்துவிடும். அங்கன்வாடிப் பணியாளருக்கு யார் கையெழுத்திடுவது? மைய அரசின் பார்வையில் அவர் மதிப்பூதியம் பெறும் தன்னார்வலர். 2018 அக்டோபர் முதல் மைய அரசின் கணக்குப்படி அந்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். மாநிலங்கள் மேலே சேர்த்துத் தருகின்றன. தமிழ்நாடு சிறப்புக் காலமுறை ஊதியமே தருகிறது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டென்று தீர்ப்பளித்தது. பணிக்கொடைக்கு ஊழியர் ஆகிறவர் படிப்புக்கும் ஊழியர் ஆக வேண்டாமா?

இன்னொரு தடை கல்வித்தகுதி. முதுகலையில் 55 விழுக்காடு இல்லாமல் பெரும்பாலோர் முனைவர் படிப்பின் வாசலுக்கே வர முடியாது. அதைத் தளர்த்தச் சொல்வது இம்மடலின் நோக்கமன்று. 2023இல் வந்த தேசிய மதிப்பலகுக் கட்டமைப்பு பணி அனுபவத்துக்கும் மதிப்பலகு உண்டென்கிறது. பதினைந்து ஆண்டு மையம் நடத்தியவருக்கு இளங்கலையிலும் முதுகலையிலும் அந்த அனுபவம் கணக்கில் வந்தால், பட்டயத்திலிருந்து ஆய்வேடு வரை ஏணி முழுதாகும். திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் அந்த நடுப்படிகளைத் தாங்கக்கூடியவை. டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகம் இத்துறையில் முதுகலையே நடத்தியிருக்கிறது. ஆய்வேட்டைத் தமிழிலும் பிற மாநில மொழிகளிலும் எழுத இடம் வேண்டும். குழந்தையும் தாயும் பேசியதை ஆங்கிலத்தில் மாற்றி எழுதச் சொன்னால் பாதி சான்று வழியிலேயே உதிர்ந்துவிடும்.

வாஷிங்டன் நகரில் நடந்ததையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். காப்பக ஆசிரியர்கள் பட்டம் பெற்றாக வேண்டும் என்று அந்த நகரம் 2016இல் விதி போட்டது. சம்பளம் உயரவில்லை. விதியை எதிர்த்து வழக்கு வந்தது. ஊதியத்தைப் பள்ளி ஆசிரியருக்கு நிகராக்கும் நோக்கமுள்ள தனி நிதியிலிருந்து 2022இல்தான் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆகவே இங்கே பட்டத்தை யார்மீதும் கட்டாயமாக்க வேண்டாம். படித்து முடித்தவருக்குக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் பணியிலும், ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களிலும், பாடத்திட்டக் குழுக்களிலும் இடம் ஒதுக்கி, அதற்கேற்ற ஊதியமும் தர வேண்டும். இதற்கு மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகமும் மாநில அரசுகளும் தங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

போலிப் பட்டம் குறித்த அச்சம் நியாயமானது. அனுமதியை அரசுப் பல்கலைக்கழகங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். பாடங்கள் இணையத்தில், ஆண்டுக்குச் சில வாரம் நேரடி வகுப்பு, வாய்மொழித் தேர்வு நேரில், ஆய்வேடு முழுவதும் பொதுவில் என்று விதி வகுக்கலாம். நெறியாளருடன் களத்தை நன்கறிந்த இன்னொருவரும் இணை நெறியாளராக இருக்கலாம்.

முதல் வேலையாக, பகுதிநேர முனைவர் சேர்க்கையில் அங்கன்வாடிப் பணியாளருக்கான தடையின்மைச் சான்றில் மாவட்டத் திட்ட அலுவலரே கையெழுத்திடலாம் என்று ஒரு விளக்கச் சுற்றறிக்கையைத் தாங்கள் அனுப்பலாம். அதற்குப் புதிய சட்டமோ புதிய நிதியோ தேவைப்படாது. வரும் கல்வியாண்டுச் சேர்க்கைக்கு முன் அது பல்கலைக்கழகப் பதிவாளர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தால், முதுகலை முடித்துவிட்டுக் காத்திருக்கும் பணியாளர்கள் இந்த ஆண்டே விண்ணப்பிப்பார்கள்.