துருவ ஆய்வுக்கு இரண்டாண்டு போதாது

அண்டார்க்டிகாவில் மைத்ரி, பாரதி. வட துருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்டில் ஹிமாத்ரி. மூன்று நிலையங்களை நடத்தும் நாடு இந்தியா. 1981 டிசம்பரில் எஸ்.இசட். காசிம் தலைமையில் முதல் குழு கோவாவிலிருந்து கப்பலேறியபோது இதை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால், அந்த நிலையங்களில் வேலை செய்ய வேண்டிய இளம் விஞ்ஞானிகளின் பிழைப்புக்கு மட்டும் இன்னும் உறுதியில்லை. பிஎச்.டி. முடித்தவர்கள் நான்காண்டாவது கவலையின்றி ஆய்வைத் தொடர, துருவ அறிவியலுக்கென்றே ஒரு தேசிய உதவித்தொகையை மத்திய புவி அறிவியல் அமைச்சகம் தொடங்க வேண்டும்.

இன்று இவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது, ஏதேனும் ஒரு திட்டத்தோடு வந்து அதோடு முடிந்துபோகும் ஆய்வு இணையர் பணி. அல்லது எல்லாத் துறைகளுக்கும் பொதுவான இரண்டாண்டு தேசிய உதவித்தொகை. வேறு துறைகளுக்கு இரண்டாண்டு போதலாம். துருவ ஆய்வுக்குப் போதாது.

அண்டார்க்டிகா செல்ல விரும்புபவரின் ஆய்வுத் திட்டம் முதலில் ஏற்கப்பட வேண்டும். பிறகு டெல்லி எய்ம்ஸில் உடல் தகுதிப் பரிசோதனை, உத்தராகண்டின் ஔலியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினரிடம் பனிப் பயிற்சி. அதன் பின்னரே கேப் டவுன் வழியாகப் பயணம். களப்பணி செய்ய முடிவது நவம்பர் முதல் மார்ச் வரையிலான கோடையில் மட்டும்தான். அதிலும் பனிப்புயல் வந்தால் நாள்கணக்கில் முடங்கிக் கிடக்க வேண்டும். அந்தப் பருவம் கைநழுவினால் இன்னோர் ஆண்டு காத்திருப்பு.

துளையிட்டு எடுத்த பனித்தண்டு உருகாமல் கோவா வந்து சேர்ந்த பின்தான் பாதி வேலையே ஆரம்பிக்கிறது. வாஸ்கோவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையத்தில், உறைநிலைக்கு 20 டிகிரி கீழே குளிரூட்டப்பட்ட அறையில் அந்தத் தண்டுகள் இருக்கின்றன. வெளியே கோவாவின் வெயில். உள்ளே தடித்த அங்கியும் கையுறையுமாக நின்று அறுக்க வேண்டும். மேல்பரப்பில் மனிதக் கையோ துளைக்கருவியோ பட்ட அழுக்கு இருக்கும் என்பதால் அதைச் சுரண்டி எறிந்துவிட்டு, உள்பகுதியை மட்டும் துண்டு துண்டாக்கி, உருக்கி, ஆக்சிஜன் ஐசோடோப்பு, உப்பு, தூசு என ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். நூற்றாண்டுகளின் தட்பவெப்பம் இப்படித்தான் எழுத்தில் வருகிறது. முடிவுகள் கட்டுரையாக வெளிவரும் முன்பே ஆய்வாளரின் இரண்டாண்டு தீர்ந்திருக்கும். அவர் வேறு வேலை தேடிப் போயிருப்பார்.

நீண்டகால உதவித்தொகை என்ன தரும் என்பதற்குப் புவியியலாளர் சுதீப்தா சென்குப்தாவின் வாழ்க்கை நல்ல சான்று. முனைவர் பட்டம் பெற்ற மறு ஆண்டே, 1973-ல், பிரிட்டனின் 1851 பொருட்காட்சி அரச ஆணையத்தின் உதவித்தொகையில் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குச் சென்று மூன்றாண்டு ஆய்வு செய்தார். பத்தாண்டு கழித்து, 1983-84 பயணத்தில், அதிதி பந்த்தோடு அண்டார்க்டிகாவில் கால்வைத்த முதல் இந்தியப் பெண்களில் ஒருவரானார். மைத்ரி நிலையம் பின்னர் எழுந்த ஷிர்மாக்கர் பகுதியின் பாறைகளை ஆராய்ந்தார். இந்தியா அனுப்பிய புவியியலாளரைப் பக்குவப்படுத்தியதில் வேறொரு நாட்டின் பணத்துக்கும் பங்கு இருந்தது. அந்தக் கடமையை இன்று நம் அரசுதான் ஏற்க வேண்டும்.

வெப்ப நாடான நமக்குத் துருவம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அண்டார்க்டிகப் பனி முழுதும் உருகினால் கடல் மட்டம் சுமார் 58 மீட்டர் உயரும். முழுதும் உருக வேண்டியதில்லை. அதில் நூற்றில் ஒரு பங்கு போனாலே நம் கடற்கரை ஊர்கள் தாங்காது. ஆர்க்டிக் பனி குறைவதற்கும் நம் பருவமழைக்கும் உள்ள தொடர்பை அறியத்தான் 2014-ல் ஸ்வால்பார்டின் காங்ஸ்ஃப்யோர்டனில் ‘இண்டார்க்’ கண்காணிப்புக் கருவித் தொகுதி கடலுக்குள் இறக்கப்பட்டது. அதை உருவாக்கியதில் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

உரிமைப் பிரச்சினையும் இதில் அடங்கியிருக்கிறது. அண்டார்க்டிக் ஒப்பந்தத்தில் இந்தியா 1983 ஆகஸ்டில் சேர்ந்தது; அடுத்த மாதமே முடிவெடுக்கும் உரிமையுள்ள நாடானது. ஒப்பந்தத்தில் பின்னர் சேரும் நாடுகளுக்கு அந்த உரிமையைத் தருவது அங்கே செய்யும் கணிசமான அறிவியல் பணிதான். கொடி நட்டதற்காக அது கிடைப்பதில்லை. அறிவியல் பணிக்கு ஆள் வேண்டும்.

பணமில்லை என்ற பதிலை ஏற்க முடியாது. 2023-ல் உயர்த்தப்பட்ட விகிதப்படி ஆய்வு இணையரின் தொடக்க உதவித்தொகை மாதம் ரூ.58,000. ஆண்டுக்கு 25 பேருக்கு இதைக் கொடுத்தால் வீட்டு வாடகைப்படி நீங்கலாக ரூ.1.74 கோடி ஆகும். துருவ ஆய்வையும் உள்ளடக்கிய ‘பிருத்வி விஞ்ஞான்’ திட்டத்துக்கு 2021-26 காலத்துக்கு ஒதுக்கப்பட்டது ரூ.4,797 கோடி. இந்தக் கணக்கில் 1.74 கோடி எந்த மூலைக்கு?

தொகையை அறிவித்தால் மட்டும் போதாது. தேர்வாகும் ஒவ்வொருவருக்கும் ஒரு பயண இடம் உறுதியாக வேண்டும். மாதாமாதம் பணம் வந்து சேர வேண்டும். உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாவதாக ஆய்வு மாணவர்கள் முறையிடுவது இந்நாட்டில் புதிதல்ல. மகப்பேறுக்காக ஒரு பருவத்தைத் தவறவிடும் பெண்ணுக்கு அடுத்த பருவம் காத்திருக்க வேண்டும். பல்கலைக்கழகங்களில் படித்தவர்களும் கோவா மையத்தின் ஊழியர்களுக்கு நிகராகப் போட்டியிட வழி வேண்டும்.

ஐந்தாவது சர்வதேச துருவ ஆண்டு 2032-33-ல் வருகிறது. அப்போது இந்தியக் குழுக்களை வழிநடத்த வேண்டியவர்கள் இப்போது முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருப்பவர்கள். அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே இந்த உதவித்தொகையை மத்திய அரசு அறிவிக்க வேண்டும்.