ஏற்காடு மூலிகையில் நானோ மருந்து: ஆய்வகத்தில் ஜெயித்தது ரத்தத்திலும் ஜெயிக்குமா?

‘மூலிகை நானோ துகள் புற்றுநோய் செல்லைக் கொன்றது’ என்று ஒரு செய்தி உங்க வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம். ஏற்காடு உள்ளிட்ட சேர்வராயன் மலைச் செடிகளை வைத்தும் இதுபோன்ற நானோ ஆய்வுகள் வெளியாகியிருக்கின்றன. செய்தி பொய் இல்லை. ஆனா, அது பாதிக் கதைதான்.

ஆய்வகத்தில் என்ன நடக்குது?

இலைச் சாற்றை வெள்ளி நைட்ரேட் கரைசலில் சேர்த்தால், கரைசல் பழுப்பாக மாறும். வெள்ளி நானோ துகள்கள் உருவானதற்கு அதுதான் அடையாளம். தலைமுடியின் தடிமனில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அதன் அளவு. அதைத் தட்டில் வளர்த்த செல்கள் மீது விட்டுப் பார்ப்பார்கள்.

ரத்தத்தில் என்ன மாறுது?

ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் 60 முதல் 80 கிராம் வரை புரதம் இருக்கு. துகள் உள்ளே போன சில நொடிகளிலேயே இந்தப் புரதங்கள் அதன் மேல் ஒட்டிவிடும். கென்னத் டாசன், சாரா லின்ஸ் குழுவினர் 2007-ல் இதற்கு ‘புரத மகுடம்’ என்று பெயர் வைத்தனர்.

சேலத்தில் இருந்து ஏற்காடு போகும் பஸ் மாதிரிதான் இது. முதலில் சீட் பிடிப்பது கூட்டமாக நிற்கும் ஆல்புமின். போகப் போக, எண்ணிக்கை குறைவானாலும் இறுக்கமாகப் பிடிக்கும் புரதங்கள் அதை எழுப்பிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். கடைசியில் உடம்பின் கண்ணுக்குத் தெரிவது வெள்ளி இல்லை, இந்தப் புரதப் போர்வைதான்.

அதனால் என்ன?

சில புரதங்கள் ஒட்டினால், ‘இது அந்நியப் பொருள்’ என்று கல்லீரலும் மண்ணீரலும் துகளைப் பிடித்துவிடும். மருந்து கட்டிக்குப் போகாமல் பாதியிலேயே நின்றுவிடும்.

தீர்வே இல்லையா?

இருக்கு. 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ‘டாக்சில்’ புற்றுநோய் மருந்தில், புரதம் எளிதில் ஒட்டாதபடி பெக் என்ற பாலிமர் பூச்சு உண்டு. 2018-ல் அனுமதி பெற்ற ‘ஆன்பாட்ரோ’ மருந்து இதையே சாதகமாக்கியது. ரத்தத்தில் உள்ள அபோ-இ புரதம் அதன் மேல் ஒட்டி, போக வேண்டிய கல்லீரலுக்கே அழைத்துப் போகிறது.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்க: சோதித்தது தட்டிலா, விலங்கிலா, மனிதரிடமா? தட்டு என்றால் அது நல்ல தொடக்கம், மருந்து அல்ல. அதை நம்பி, நடக்கும் சிகிச்சையை மட்டும் நிறுத்திடாதீங்க.