கோழிக்கூடும் நகராட்சி உரிமமும்

சேவற்கொடியோன் குடிகொண்ட மலையின் அடிவாரத்தில் சேவல் கூவுவது சட்டத்துக்கு உகந்ததுதானா என்று ஐயுறுவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் பழனி நகர எல்லைக்குள், ஓட்டு வீடுகளின் பின்கட்டில் பஞ்சாரம் கவிழ்த்து நாலைந்து நாட்டுக்கோழிகளை வளர்த்துவரும் குடும்பங்களின் நிலைமை இதுவே. நகர்ப்புறங்களில் விலங்குகளையும் பறவைகளையும் வளர்ப்பதை ஒழுங்குபடுத்துவதற்கென்று 1997-ஆம் ஆண்டில் இம்மாநிலத்தில் இயற்றப்பட்ட சட்டம், வீதியை மறிக்கும் மாடுகளையும் சாக்கடையில் புரளும் பன்றிகளையும் மனத்தில் கொண்டே பிறந்தது போலும். பறவைகளையும் அது தன் தலைப்பிலேயே சேர்த்துக்கொண்டமையால், அடைக்கோழி ஒன்றுக்காக உரிமம் கோரி மனு எழுத வேண்டிய நிர்ப்பந்தம் ஓர் ஏழைத் தாய்க்கு ஏற்படுகிறது. அப்படி மனு எழுதியவர் எவரையும் நாம் கண்டதில்லை.

யாரும் அநுசரியாத விதி உபத்திரவமற்றது என்று எண்ணிவிடலாகாது. வேலித் தகராறோ குழாயடிச் சண்டையோ மூளும்போதுதான் அது திடீரென்று நினைவுக்கு வரும். கோழியின்பேரில் புகார் போகும். இதே மாநில அரசு 2017-இல், கிராமப்புறத்து ஏழைப் பெண்களுக்கு ஆளுக்கு 50 கோழிக்குஞ்சுகள் வழங்குவதாக அறிவித்தது. ஊர் எல்லைக் கல்லுக்கு அப்பால் ஜீவனோபாயமாகப் போற்றப்படுவது இப்பால் வந்ததும் குற்றத்தின் சாயலைப் பெறுவானேன்?

சுகாதாரத்தைப் பற்றிய ஆட்சேபணையை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஐப்பசி அடைமழையில் நனைந்த எச்சத்தை இரண்டு நாள் வாராமல் விட்டால் அண்டை வீட்டார் ஜன்னலைத் திறக்க இயலாது. தரையில் சாம்பலோ தென்னைநார்த் தூளோ பரப்பி அன்றன்று கூட்டினால் அந்த நாற்றம் எழவே எழாது. நோயின் சங்கதி இதனினும் கனமானது. 2006-இல் மகாராஷ்டிரத்து நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் இந்நாட்டில் முதன்முதலாகத் தென்பட்டபோது, பண்ணைக் கோழி, வீட்டுக் கோழி என்ற பேதமின்றிச் சுற்றுவட்டாரம் முழுவதும் கோழிகளை அழிக்க நேர்ந்தது. கால்நடைப் பராமரிப்புத் துறையார் ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் கோழிக் கழிச்சலுக்குத் தடுப்பூசி முகாம் நடத்துகின்றனர். உரிமத்துக்கு அஞ்சி ஒளித்து வளர்க்கப்படும் கோழி அந்த முகாமுக்கு வருமா? வெளிச்சத்தில் வளரும் கோழியைவிட மறைவில் வளரும் கோழியே நகருக்கு அபாயம்.

ஆகவே, பத்துக் கோழிகள்வரை உரிமம் வேண்டாம், வார்டுதோறும் ஒரு பதிவேட்டில் பெயர் எழுதிக்கொண்டாற் போதும் என்று விதியைத் திருத்துக என்கிறோம். அதற்கு மேற்பட்டால் உரிமம் இருக்கட்டும். கூடு அடுத்தவர் சுவரையும் கிணற்றையும் ஒட்டி நிற்கலாகாது. விற்பனைக்காக வீட்டில் அறுத்தலும் கூடாது.

சேவல் விஷயத்தில் மட்டும் நாம் தாட்சணியம் காட்ட விரும்பவில்லை. பிரான்சு தேசத்தில் 2019-இல் மொரீஸ் என்னும் சேவலின்மீது அண்டை வீட்டார் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் சேவலின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆனால் அந்தச் சேவல் கூவியது கடல் சூழ்ந்த தீவில், இங்கோ சுவரோடு சுவர் ஒட்டிய சந்து. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை ஒலியைக் கட்டுப்படுத்தும் 2000-ஆம் ஆண்டின் விதிகளைத் தைப்பூசத்து ஒலிபெருக்கிகள் எவ்வளவு மதிக்கின்றன என்பது வேறு கதை. பெட்டை முட்டையிடச் சேவல் துணை தேவையில்லை. குஞ்சு பொரிக்க விரும்புவோர் கருமுட்டையை வெளியே வாங்கி அடைவைக்கலாம். எனவே நெருங்கிய தெருக்களில் பெட்டைக்கு மட்டும் அனுமதி அளித்து, திறந்த கொல்லையுள்ள வீடுகளுக்கே சேவலை விட்டுவிடுவது நியாயம். நகர்மன்றம் இதனைத் தீர்மானமாக நிறைவேற்றி, வருகின்ற பிப்ரவரி முகாமுக்கு முன்பே சர்க்காருக்கு அனுப்பி வைக்க வேண்டும்.