நெடுந்தூர ஓட்டமும் நம் இளைஞரும்

கல்லூரி விழா மலர்களில் விளையாட்டைப் பற்றி எழுதப்படுவன பெரும்பாலும் வெற்றிகளின் பட்டியலாகவே அமைகின்றன. எவ்வாண்டில் எவ்வணி வென்றது, கேடயத்தைச் சுமந்து வந்தவர் யாவர் என்பனவற்றை மீண்டும் படிப்பதும் இன்பமே. எனினும் இம்மலரில் யாம் வெற்றியைப் பற்றி எழுதப் புகுந்தோமல்லோம். வெற்றிக்கு முன்னே நிகழவேண்டிய நீண்ட பொறுமையைப் பற்றியே சில கூற விழைகின்றோம்.

இதற்கு ஏது ஒன்றுண்டு. அண்மையில் கல்லூரியின் உயர்வகுப்பு மாணவர் இருவர் கினிகத்தேனைச் சந்தியில் எம்மைக் கண்டு, "ஐயா, ட்ரையத்லன் போட்டிக்கு ஆயத்தஞ் செய்ய விரும்புகிறோம், ஓட்டத்தை எப்படி வளர்ப்பது?" என வினவினர். அவர்கள் அதுவரை செய்துவந்த பயிற்சி யாதென யாம் கேட்டோம். நாள்தோறும் மூச்சு இரைக்க இரைக்க ஓடுவதாகவும், இருவருக்கும் முழங்காலுக்குக் கீழே நோவு உண்டாகியிருப்பதாகவும் கூறினர். அவர்களுக்கு வீதியோரத்திற் சொன்ன விடையினையே ஈண்டு விரித்துரைக்கின்றோம்.

நீந்துதல், மிதிவண்டி செலுத்துதல், ஓடுதல் ஆகிய மூன்றையும் இடைவிடாது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிக்கும் போட்டியே ட்ரையத்லன். தமிழில் இதனை முப்போட்டி எனலாம். இதன் நெடுந்தூர வடிவம் 1978இல் ஹவாயில் தொடங்கிற்று. 3.8 கிலோமீற்றர் நீந்தி, 180 கிலோமீற்றர் மிதிவண்டியிற் சென்று, ஈற்றில் 42.2 கிலோமீற்றர் மரதன் ஓடவேண்டும். அம்முதற் போட்டியிற் புறப்பட்டோர் பதினைவர், முடித்தோர் பன்னிருவர். இதன் பாதித் தூரப் போட்டி 2018 பெப்ருவரியில் முதன்முறையாக நம் நாட்டில், கொழும்பில் நடைபெற்றது. எட்டாத் தொலைவிலுள்ளதெனக் கருதப்பட்ட ஒன்று நம் கரைக்கே வந்து சேர்ந்தமையால், நம் இளைஞர் நெஞ்சில் ஆசை எழுந்தது இயல்பே.

இம்மூன்றனுள் ஓட்டமே இறுதியில் வருவது. தோளும் தொடையும் தளர்ந்த பின்னரே அது தொடங்குகின்றது. ஆகவே புதிய கால்களால் எவர் விரைந்து ஓடுவார் என்பது இங்கே பெரிதன்று. களைத்த கால்களால் எவர் தளராது ஓடுவார் என்பதே வினா. இவ்விரண்டும் வெவ்வேறு ஆற்றல்கள். முன்னையதனை வளர்க்கும் பயிற்சியால் பின்னையது தானே வந்துவிடும் என எண்ணுவதுதான் நம் மாணவர் செய்யும் முதற் பிழை.

அப்பிழையை யாமும் செய்தோம். பதினேழாம் வயதில், கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலையை நோக்கி இறங்கும் பெருஞ்சாலையில், இரவல் வாங்கிய கைக்கடிகாரத்துடன் வாரம் மும்முறை முழு வேகத்தில் ஓடினோம். இறக்கமாதலின் நேரம் நாளுக்கு நாள் குறைந்தது. செருக்கோ நாளுக்கு நாள் ஏறிற்று. ஆறாவது வாரத்தில் காலெலும்பு நோவெடுத்தது. மூன்று மாதம் ஓட இயலவில்லை. அவ்வாண்டு விளையாட்டுப் போட்டியை மைதானத்தின் ஓரத்திலே அமர்ந்து கண்டோம். எமக்கு அறிவுரை கூற அன்று எவருமிலர். இருந்திருப்பினும் கேட்டிருப்போமா என்பது ஐயமே.

மலைநாட்டார் யாவரும் ஏற்றத்தைக் கண்டே அஞ்சுவர். ஆனால் ஏற்றம் மூச்சை வருத்துமேயன்றிக் காலை அத்துணை வருத்துவதில்லை. இறக்கத்திலோ, ஒவ்வோர் அடியிலும் தொடைத்தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்கி நிறுத்தவேண்டியிருக்கின்றது. தசையிழைகள் சிதைவதும் மறுநாள் படியிறங்க மாட்டாது தவிப்பதும் இதனாலேயே. ஆதலின் மலையில் ஓடுவோர் ஏறும்போது உழைக்கலாம். இறங்கும்போது அடியைக் குறுக்கி மெல்ல இறங்குதல் வேண்டும்.

இனி, பயிற்சியின் அடிப்படை யாது? மெதுவாக ஓடுதல், அடிக்கடி ஓடுதல், பல மாதம் விடாது ஓடுதல். இம்மூன்றே. உடன் வருவோனுடன் முழு வாக்கியங்களாகப் பேசிக்கொண்டு ஓடக்கூடிய வேகமே உரிய வேகம். பேச்சு அறுபடுமாயின் வேகம் மிகுந்துவிட்டது என்பது பொருள். இவ்வாறு ஓடுங்கால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான குருதியைச் செலுத்தப் பழகுகின்றது. தசைகளிற் குருதி மயிர்க்குழாய்களும், ஆற்றலை உண்டாக்கும் இழைமணிகளும் பெருகுகின்றன. உடல் தன் கொழுப்பை எரிபொருளாக்கக் கற்றுக்கொள்கின்றது. இது நெடுந்தூரத்திற்கு இன்றியமையாதது. ஏனெனில் தசையிலும் ஈரலிலும் சேமித்த மாப்பொருட் சத்து, கடும் உழைப்பில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் நின்று பிடிப்பதரிது.

"மெதுவாக ஓடினால் வேகம் எங்ஙனம் வரும்?" என அவ்விருவருள் ஒருவர் கேட்டார். நல்ல வினாவே. நியூசிலாந்துப் பயிற்றுநர் ஆதர் லிடியாட், தம் மாணவரை வாரம் ஏறத்தாழ 160 கிலோமீற்றர் ஓடவைத்தார். மேடுபள்ளம் நிறைந்த வைட்டாக்கரே மலைப்பாதையில் 35 கிலோமீற்றர் ஓடுவதும் அதிலடங்கும். 800 மீற்றர் மட்டுமே ஓடவேண்டிய பீற்றர் சினெலுக்கும் இதுவே விதி. 1960இல் றோம் ஒலிம்பிக்கில் சினெல் 800 மீற்றரிலும், மறே ஹல்பேர்க் 5,000 மீற்றரிலும் ஒரே நாளிற் பொற்பதக்கம் பெற்றனர். முப்போட்டியிலும் சான்றுண்டு. அமெரிக்கரான மார்க் அலன் ஹவாயில் ஆறுமுறை முயன்று தோற்றவர். இதயத் துடிப்பை ஓர் எல்லைக்கு மேல் ஏறவிடாது, முதலிற் பெரிதும் வேகங்குறைத்து ஓடிப் பழகியவர். 1989இல் ஈற்று மரதனை 2 மணி 40 நிமிடத்தில் ஓடி, 58 செக்கன் வேறுபாட்டில் வென்றார். பின்னர் மேலும் ஐந்துமுறை வென்றார். "பதறாத காரியம் சிதறாது" என்னும் நம் முதுமொழிக்கு இதனினும் நல்ல உரை வேண்டுமோ?

வேகப் பயிற்சி வேண்டா என்பது எம் கருத்தன்று. பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்கு இலகுவாகவும், ஒரு பங்கு கடினமாகவும் இருத்தல் தகும். முதல் மூன்று மாதமும் வாரம் நான்கு அல்லது ஐந்து நாள், அரை மணி முதல் ஒரு மணி வரை ஓடுக. அவற்றுள் ஒரு நாளை மட்டும் சிறிது சிறிதாக நீட்டி இரண்டு மணி வரை கொண்டு செல்க. வாரத்தின் மொத்தத்தைப் பத்திலொரு பங்கிற்கு மேற் கூட்டாதிருத்தல் நன்று. நான்காம் வாரத்திற் குறைத்து இளைப்பாறுக. நுரையீரலும் இதயமும் சில வாரங்களிற் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழகப் பல மாதங்களாகும். மூச்சு "ஓடு" என்னும் வேளையிற் கால் "பொறு" என்றால், காலின் சொல்லையே கேட்க. இவ்வடித்தளம் அமைந்த பின்னர், வாரம் ஒருமுறை தோட்டத்து ஏற்றப் பாதையில் ஒரு நிமிட விரைவோட்டங்கள் ஆறோ எட்டோ செய்யலாம். மிதிவண்டிப் பயிற்சி முடிந்த கையோடு கால் மணி நேரம் ஓடிப் பழகுதலும் வேண்டும். வண்டியிலிருந்து இறங்கியவுடன் கால்கள் பிறர் கால்கள்போற் கனக்கும். அவ்வுணர்ச்சி போட்டி நாளிற் புதிதாய் வருதலாகாது.

நம் மலைநாட்டுக்கெனச் சில சொல்லவேண்டும். உயரத்தில் வாழ்வதாலேயே நாம் ஓட்டவீரராவோம் என மகிழற்க. குருதியிற் செவ்வணுக்களைப் பெருக்கும் உயரம் ஏறக்குறைய 2,000 மீற்றர். நுவரெலியாவே 1,868 மீற்றர்தான், கினிகத்தேனையோ அதனினும் மிகத் தாழ்ந்தது. ஆயினும் வேறொரு பேறு நமக்குண்டு. கொழும்பிற் போட்டி நிகழின் அது வெயிலிலும் புழுக்கத்திலுமே நிகழும். வட்டவளை மழையிலும் மூடுபனியிலும் ஓடிப் பழகியவன் அங்கே சென்றதும் வாடிவிடுவான். வெப்பத்திற்கு உடல் பழக ஏறத்தாழ இரண்டு வாரம் வேண்டும். ஆகவே போட்டிக்கு முந்திய வாரங்களில், அட்டன் வீதியிற் கீழே சென்று கித்துல்கலை, அவிசாவளைப் பக்கங்களின் சமதரையில் ஓடிப் பழகுக. மேலே குளிரும் கீழே வெப்பமும் ஒரே பேருந்துப் பயணத்துள் அமைந்திருத்தல் எல்லா ஊருக்கும் வாய்ப்பதன்று. ஆனால் ஓட்டத்தைப் பெருஞ்சாலையில் வைத்துக்கொள்ளற்க. லொறிகளும் வளைவுகளும் மூடுபனியும் கூடுமிடம் அது. தோட்டத்துப் பாதைகளே நமக்கு ஏற்றவை. அங்குள்ள அட்டைகள் சிறிது குருதியோடு நின்றுவிடும்.

குருதி என்றமையால் இன்னொன்று. தேயிலை நம் வாழ்வாயினும், உணவோடு அருந்தும் தேநீர் உணவிலுள்ள இரும்புச் சத்து உடலிற் சேருவதைத் தடுக்கின்றது. குருதிச் சோகை மலிந்த நம் தோட்டங்களில், ஓடும் பிள்ளைகள், சிறப்பாகப் பெண்பிள்ளைகள், உண்டு ஒரு மணி கழித்தே தேநீர் அருந்துதல் நலம். கீரையும் பயறும் எலுமிச்சம் புளியோடு உண்க.

ஓட்டத்தையே முதலில் வலியுறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. போட்டிக்கேற்ற மிதிவண்டியின் விலை ஒரு தோட்டத் தொழிலாளியின் பல மாத வருமானம். நீந்தப் பயிலத் தக்க தடாகம் நமக்கு அருகில் இல்லை. காசல்றீ நீர்த்தேக்கத்திலும் களனி கங்கையிலும் தனித்து இறங்கிப் பழகுவது உயிருக்கு உலை. ஓட்டம் ஒன்றே லயத்திற் பிறந்த மாணவன் இன்றே, இவ்விடத்திலேயே தொடங்கத் தக்கது. அவன் கொழுந்துக் கூடையோடு மலையேறியிறங்கும் தாயின் மகன்; பள்ளிக்கு நாள்தோறும் மைல் கணக்கில் நடப்பவன். அந்நடையும் பயிற்சியே. அதனைக் கணக்கிற் கொள்ளாது மேலும் அவனை வருத்துவோமாயின், அவன் உடைவான். உடைந்தவனைச் சோம்பன் என்றும் ஏசுவோம். கென்யாவின் நந்தி மலைப்பகுதியும் தேயிலை நாடே. 2018இல் பேர்லினில் 2 மணி 1 நிமிடம் 39 செக்கனில் மரதன் ஓடி உலக சாதனை நிலைநாட்டிய எலியுட் கிப்சோகே அங்கே பிறந்தவர். நம் மலையகத்தின் குமார் சண்முகேஸ்வரனும் 10,000 மீற்றரில் தேசிய அரங்கில் வென்று காட்டியுள்ளார். விளைநிலம் உண்டு, பதமறிந்து உழுவாரே வேண்டும்.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். விழா நினைவாக வளைவொன்று கட்டுவதைப் பற்றிப் பேசப்படுகின்றது. அதன் செலவில் ஒரு பகுதியை ஓட்டக் காலணிகளுக்கும், தகுந்த ஆசானின் மேற்பார்வையில் நீச்சல் பயிலுவதற்கான போக்குவரத்துக்கும் ஒதுக்குவீர்களாக. ஆண்டுதோறும் ஒரு புதுப் பரிசினையும் நிறுவுவோம். அது முதலில் வந்தவனுக்கு உரியதாகாது. ஓராண்டில் அதிக நாள் காலையில் ஓட வந்து, காயமின்றி ஆண்டை முடித்தவனுக்கே உரியதாகட்டும். விரைவுக்கு நம்மிடம் கேடயங்கள் பல உள. பொறுமைக்கு ஒன்றேனும் இருக்கட்டும்.

அவ்விரு மாணவரும் இப்போது மெதுவாக ஓடுகின்றனர். கடந்து செல்லும் சிறுவர் நகைக்கின்றனராம். நகைக்கட்டும். நோவு நீங்கிவிட்டது, பயிற்சி தொடர்கின்றது.