கம்பி எட்டாத ஊர்கள்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு சான்ட்ரோ காரைச் செய்து அனுப்பத் தொடங்கிய ஹூண்டாய் ஸ்தாபனம், கால் நூற்றாண்டுக் காலம் பெரும்பாலும் பெட்ரோலையும் டீசலையும் நம்பியே கியாதியும் செல்வமும் ஈட்டியபின், 2023 மே மாதத்தில் தமிழக அரசுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, பத்தாண்டுகளில் 20,000 கோடி ரூபாய் முதலீடு செய்வதாகவும், ஆண்டுக்கு 1,78,000 பேட்டரித் தொகுதிகளைக் கோக்கும் ஆலை ஒன்றை நிறுவுவதாகவும், நெடுஞ்சாலைகளில் 100 சார்ஜிங் நிலையங்கள் அமைப்பதாகவும் வாக்களித்தது. 2025 ஜனவரியில், நன்றாக விலைபோய்க்கொண்டிருந்த கிரெட்டாவையே பேட்டரியில் ஓடும்படி செய்து வெளியிட்டதில் வியாபார விவேகம் ஒன்று இருக்கிறது: பழகிய முகத்தைக் காட்டினால் ஜனங்கள் பழகாத யந்திரத்தையும் துணிந்து வாங்குவார்கள்.

யந்திரத்தைப் பற்றிய சந்தேகம் விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கத்தில் எங்களுக்குக் கிடையாது. சந்தேகமெல்லாம் சார்ஜ் போடும் இடத்தைப் பற்றியதுதான். இந்த விஷயத்தில் விழுப்புரத்துக்குப் பழைய அனுபவம் உண்டு. 1960-களில் சென்னையிலிருந்து மீட்டர்கேஜ் பாதையில் மின்கம்பி இழுத்துவந்த ரயில்வே, விழுப்புரம் ஜங்ஷனோடு நிறுத்திக்கொண்டதால், தெற்கே போகவேண்டிய வண்டிகள் இங்கே நின்று, மின்சார இஞ்சினைக் கழற்றிவிட்டு, நீராவி இஞ்சினையோ டீசல் இஞ்சினையோ பூட்டிக்கொண்டு புறப்பட்டன. இஞ்சினில் யாதொரு தோஷமும் இல்லை. விழுப்புரத்துக்கு அப்பால் கம்பி இல்லை, அவ்வளவுதான். அந்தக் கம்பி திருச்சியை எட்ட நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

பிளக்-இன் ஹைபிரிட் கார் என்பது, இஞ்சின் மாற்றும் அந்த ஜங்ஷனைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஓடும் வண்டி. இரவில் வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு விழுப்புரத்துக்குப் போய்த் திரும்பவும், கல்யாணம், ஆஸ்பத்திரி என்று தூரப் பிரயாணம் நேர்ந்தால் பெட்ரோலில் ஓடவும் வல்லது ஆகையால், எங்கள் கிராமங்களுக்கு மிகவும் அனுகூலமானதே. ஆனால் இரண்டு யந்திரங்களைச் சுமப்பதால் அதன் விலை ஏறிவிடுகிறது; மின்சாரக் காருக்குள்ள 5 சதவீத ஜி.எஸ்.டி. சலுகையும் அதற்கு இல்லை.

ஆகவே பெட்ரோலிலிருந்து மின்சாரத்துக்கு நடக்கும் இந்த மாறுதலை, ஆலையிலிருந்து வெளிவரும் கார்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது போதாது. திண்டிவனத்திலும் விக்கிரவாண்டியிலும் நிலையம் வைத்தால் சென்னைக்காரர் திருச்சிக்குச் சௌகரியமாகப் போவார். நெடுஞ்சாலையை விட்டு விலகியிருக்கும் காணை போன்ற ஊர்களில், பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் வாசலிலாவது ஒன்று வைத்தால்தான் உள்ளூர்க்காரர் மின்சாரக் கார் வாங்கத் துணிவார். ஹூண்டாய் வாக்களித்த நூறு நிலையங்களில் சரிபாதியையேனும் இப்படிப்பட்ட ஊர்களுக்கு ஒதுக்கும்படி அரசு வற்புறுத்த வேண்டும். தொழிற்சாலைகளுக்குச் சலுகைகளை வாரி வழங்குகிற அரசுக்கு அவ்வளவு கேட்க உரிமை உண்டு.